ஓவியக் கூடமும் ஒன்பது கட்டைகளும்

லண்டன் மாநகருக்குக் கிழக்கே, தேம்ஸ் நதி பெரியதொரு வளைவு எடுத்துத் திரும்பும் இடத்தில், கிரீனிச் என்னும் ஊரின் கரையோரத்தில், உண்பதற்கென்றே கட்டப்பட்டு, உண்ண வேண்டியவர்கள் விசேஷ நாட்களைத் தவிர உள்ளே அமர்ந்து உண்ணாமலே போன போஜனசாலை ஒன்று இருக்கிறது. அதன் விதானத்தையும் சுவர்களையும் சித்திரங்களால் நிரப்பும் பணி 1707-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் தார்ன்ஹில் என்னும் ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாரத்தின்மேல் ஏறியவர் இறங்கி வந்து வேலை முடிந்ததென்று சொல்வதற்குள் 19 ஆண்டுகள் கழிந்துவிட்டன. விதானத்துக்குச் சதுர கஜம் ஒன்றுக்கு 3 பவுன், சுவருக்கு 1 பவுன் என்று, நம் ஊரில் வெள்ளையடிப்பவரிடம் கூலி பேசுவதுபோலப் பேசி, ஆகமொத்தம் 6,685 பவுன் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். அரசனும் அரசியும் தேவர்கள் புடைசூழ மேகமண்டலத்தில் வீற்றிருக்கும் அந்த மண்டபத்தின் சோபையைக் கண்ட பிறகு, காலிழந்தும் கையிழந்தும் கடலிலிருந்து மீண்ட கிழட்டு மாலுமிகளை அங்கே வரிசையாக உட்கார வைத்துப் பட்டாணிக் கஞ்சி ஊற்ற அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. ஆகவே மாலுமிகள் அதற்கு நேர் கீழே இருந்த நிலவறையில் உண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த சீமான்களும் சீமாட்டிகளும் மேலே நின்று, கட்டணம் கொடுத்து, விதானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தப் பழங்கதையை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் கிரீனிச் அன்று, கோயம்புத்தூர். சென்ற ஆண்டு அந்நகரத்தை ஒட்டிய முதியோர் குடியிருப்பு ஒன்றில் என் உறவினர் ஒருவரோடு மூன்று நாட்கள் தங்கியிருந்தேன். மாடமாளிகை என்று சொல்ல முடியாவிட்டாலும் குறை சொல்ல இடமில்லாத கட்டடம், நேரம் தவறாத காப்பி, வழுக்காத தரை, கழிப்பறைதோறும் கைப்பிடி. முகப்பில் இருந்த அறிவிப்புப் பலகையில் வாரம் முழுவதற்குமான நிகழ்ச்சி நிரல் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தது: காலை பத்துக்கு நாற்காலி யோகா, பதினொன்றுக்குப் பஜனை, மாலை நான்குக்குத் தம்போலா, சனிக்கிழமை பழைய சினிமா. அதைத் தயாரிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து அமர்த்தப்பட்டிருந்த இளம்பெண், கெட்டிக்காரி, என்னிடம் உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்: “எதைப் போட்டாலும் பத்துப் பேருக்கு மேல வர்றதில்லைங்க. மத்தவங்கெல்லாம் வராந்தாவில சும்மாவே உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு என்னதான் வேணும்னு தெரியலைங்க.” நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு தேசத்தின் கடற்படை அதிகாரிகளும் பிரபுக்களும் விடை காணாமல் விழித்த கேள்வி அது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஓவியக் கூடம் என்று பெயர் பெற்ற அந்தப் போஜனசாலை இருந்த ஸ்தாபனத்துக்குக் கிரீனிச் ஆஸ்பத்திரி என்று பெயர். ஆஸ்பத்திரி என்றவுடன் மருந்து வாசனையை நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அச்சொல் சத்திரம், புகலிடம் என்ற பொருளில்தான் வழங்கியது. 1692-இல் லா ஹோக் என்னுமிடத்தில் பிரெஞ்சுக்காரரோடு நடந்த கடற்போரில் காயமுற்று மீண்டவர்களின் நிலையைக் கண்டு இரங்கி, முடிவடையாமல் கிடந்த ஓர் அரண்மனையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மேரி அரசி ஆசைப்பட்டாள் என்பர். 1694 அக்டோபரில் சாசனம் பிறந்தது. டிசம்பரில் அரசி அம்மையில் இறந்தாள். மனைவி உயிரோடு இருந்தபோது இந்த விஷயத்தில் அவ்வளவு அக்கறை காட்டாத வில்லியம் அரசன், இறந்த பின் அவளுடைய இஷ்டத்தை நிறைவேற்றுவதில் முனைந்து நின்றது மனித சுபாவம்தான். கிறிஸ்டபர் ரென் கட்டடத்துக்கு வகை செய்தார். 1696 ஜூன் 30-ஆம் தேதி மாலை சரியாக ஐந்து மணிக்கு அஸ்திவாரக் கல் நாட்டியபோது, அரசாங்க வானசாஸ்திரியான பிளாம்ஸ்டீட் கருவிகளோடு அருகில் நின்று நேரத்தைக் கணித்துச் சொன்னாராம். ஸ்தாபனத்தின் பொக்கிஷதாரராயிருந்த ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். முகூர்த்தம் பார்ப்பதை நம்முடைய மூடப்பழக்கம் என்று பிற்காலத்தில் எழுதியவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சொல்லத்தக்கதே. கப்பலில் வேலை செய்யும் ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலிருந்தும், அவன் கடற்படையைச் சேர்ந்தவனானாலும் வியாபாரக் கப்பலைச் சேர்ந்தவனானாலும், மாதம் ஆறு பென்னி பிடித்துக்கொள்ளப்பட்டது. ஆகவே 1705-ஆம் ஆண்டில் 42 பேராக முதன்முதல் உள்ளே காலெடுத்து வைத்த கிழவர்கள், அரசருடைய தர்மத்துக்குக் கையேந்தி வந்தவர்கள் அல்லர். மாலுமிகள் தங்கள் சம்பளத்திலிருந்து தாங்களே கட்டிவந்த பணத்தில் அமைந்த வீட்டுக்குள் நுழைந்தவர்கள். நெப்போலியனோடு நடந்த நீண்ட யுத்தத்தின் முடிவில், 1814-இல், அங்கே இருந்தோர் தொகை 2,710 ஆயிற்று. ஒரு கிராமத்தின் ஜனத்தொகைக்கு மேற்பட்ட கிழவர்கள், எல்லாரும் ஆண்கள், எல்லாரும் நீலக் கோட்டும் மும்முனைத் தொப்பியும் அணிந்தவர்கள், அவர்களில் பலர் மரக்கால் ஊன்றியவர்கள், ஒரே மதிலுக்குள் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர்களுக்கு என்ன குறை? வாரத்துக்கு ஏழு ரொட்டி, ஒவ்வொன்றும் ஒரு ராத்தல், மூன்று ராத்தல் மாட்டிறைச்சி, இரண்டு ராத்தல் ஆட்டிறைச்சி, பட்டாணி, ஒன்றேகால் ராத்தல் பாலாடைக்கட்டி, இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், பதினான்கு குவார்ட் பீர், புகையிலைக்கென்று கையில் ஒரு ஷில்லிங். நோயுற்றால் பார்த்துக்கொள்ள மாலுமிகளின் விதவைகளே தாதிகளாக நியமிக்கப்பட்டிருந்தனர். வார்டுகளுக்குள் ஒவ்வொருவருக்கும் கப்பலில் இருப்பதைப்போலச் சிறு அறைத்தடுப்பு. அதன் சுவரில் தம் மனத்துக்குப் பிடித்த படத்தை ஒட்டிக்கொள்ளலாம். கப்பலில் சாரங்காயிருந்தவனை இங்கேயும் சாரங்காக்கி, மற்றவர்களை மேற்பார்க்கச் செய்து, சட்டைக்குச் சரிகை கொடுத்திருந்தார்கள். இன்ன வேளை எழுவது, இன்ன வேளை தொழுவது, இன்ன வேளை உண்பது என்று எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. தொழுகைக்கும் உணவுக்கும் நடுவே கிடக்கும் அந்த நீண்ட பகற்பொழுதுக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சாசனத்தை எழுதியவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. பட்டினியும் குளிரும் தெருவில் கண்ணுக்குத் தெரிந்த துன்பங்கள், அவற்றைப் போக்கினார்கள். வயிறு நிறைந்து, உடம்பு சூடாயிருந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பவனுடைய துன்பம் தெருவில் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இதைப் பிரெஞ்சுக்காரர்கள் சற்று முன்கூட்டியே கண்டுகொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். பதினான்காம் லூயி அரசன் 1670-இல் ஆணையிட்டு, 1674 முதல் பாரிஸ் நகரத்தில் முடமான போர்வீரர்களைக் குடியேற்றிய லெஸ் அன்வலீத் என்னும் மாளிகையில், தொடக்கத்திலேயே பட்டறைகள் ஏற்படுத்தப்பட்டன. கிழட்டுச் சிப்பாய்கள் அங்கே செருப்புத் தைத்தார்கள், காலுறை பின்னினார்கள், திரைச்சீலை நெய்தார்கள். எல்லாவற்றிலும் வியப்பானது, கோயில் வழிபாட்டுக்குரிய பெரிய பாட்டுப் புத்தகங்களை அழகான எழுத்தில் படியெடுத்து, ஓரங்களில் பொன்னும் வண்ணமும் தீட்டும் எழுத்துப் பட்டறை ஒன்று அவர்களிடையே நடந்தது. வாளையும் துப்பாக்கியையும் பிடித்துக் காய்த்துப்போன கைகள் தூரிகை பிடித்து இட்ட பொற்பூச்சு வெர்சேல்ஸ் அரண்மனை வரையில் போயிற்று. லூயி அரசனைப்பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது; அங்கே கட்டுப்பாடும் கடுமைதான்; சோம்பலைப் பாபமென்று கருதித்தான் பட்டறை வைத்தார்களேயன்றிக் கிழவர்களின் மனத்தை எண்ணி வைக்கவில்லை. ஆயினும், தான் எழுதிய ஏட்டைப் பார்த்து ஒருவன் நாளைக்குப் பாடப் போகிறான் என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்திருந்தது. கிரீனிச்சில் இதற்கு நிகராக ஒன்றும் இல்லை.

இல்லை என்பதற்குச் சாட்சி சொன்னவர் சாமானியர் அல்லர். உலகத்தை இருமுறை சுற்றி வந்த ஜேம்ஸ் குக், இரண்டாவது பிரயாணம் முடிந்து கரை சேர்ந்ததும், 1775 ஆகஸ்டில், அவருக்கு இளைப்பாறுதலாக அரசாங்கம் அளித்தது கிரீனிச் ஆஸ்பத்திரியில் ஒரு காப்டன் உத்தியோகம். குடியிருக்க வீடு, சம்பளம், மரியாதை எல்லாம் உண்டு. வேலை என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. தம் சேவை வேண்டப்பட்டால் விட்டுப்போக அனுமதி உண்டு என்ற நிபந்தனையோடுதான் குக் அதை ஏற்றார். சில மாதங்களுக்கு முன்வரை தென்கோளம் முழுவதுமே தமக்குப் போதாமலிருந்ததையும், இப்போது ஒரு சத்திரத்தின் எல்லைக்குள் அடங்கப் போவதையும், பழைய எஜமானர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாகவும் பாதி ஏக்கமாகவும் சொல்லிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் மறுபடி கப்பலேறிவிட்டார். 1779-இல் ஹவாய்த் தீவின் கரையில் மாண்டார். கிரீனிச்சிலேயே இருந்திருந்தால் எண்பது வயது வாழ்ந்திருக்கலாமே என்று சொல்பவர்கள் இருக்கலாம். அவரோ பயணத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

அவ்விதம் தேர்ந்தெடுக்க வழியில்லாத சாதாரண மாலுமிகள் என்ன செய்தார்கள்? அதிகாரிகள் கொடுக்காததைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஓவியக் கூடத்தைப் பார்க்க வருபவர்களை அழைத்துச் சென்று, இது இன்ன தேவதை, இது இன்ன வெற்றி என்று விளக்கிச் சொல்லும் வழிகாட்டிகளாகச் சிலர் ஆனார்கள். 1824 முதல் அந்தக் கூடத்தில் கடற்போர்ச் சித்திரங்கள் தொங்கவிடப்பட்ட பிறகு இது இன்னும் சுவைப்பட்டது; படத்தில் புகைசூழ்ந்து நிற்கும் கப்பலில் தானே நின்றிருந்த ஒருவன் அந்தப் படத்தைப்பற்றிச் சொல்லும்போது கேட்பவன் எப்படி அசைவான்? வேறு சிலர் பின்னாலுள்ள பூங்காவின் குன்றின்மேல் ஏறி, தூரதர்சினிக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, பார்வைக்கு ஒரு பென்னி வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனிலிருந்து வரும் தையற்காரனும் அவன் காதலியும் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணை வைத்து நிற்க, கிழவர் தோளைத் தொட்டுத் திருப்பி, அதோ செயின்ட் பால் கோபுரம், அதோ காடு, அதோ ஆற்றங்கரையில் சங்கிலியில் தொங்குகிறானே கடற்கொள்ளைக்காரன், என்று காட்டுவார். பென்னியைக் கொண்டு ஒரு குவளைப் பானம் கூடுதலாக வாங்கலாம் என்பது உண்மையே. ஆனால் பானத்துக்காக மட்டும் மரக்காலோடு ஒருவர் குன்றேறமாட்டார். வாழ்நாளெல்லாம் தொடுவானத்தைத் துழாவிப் பழகிய கண்ணுக்கு அங்கே மறுபடி ஓர் உத்தியோகம் கிடைத்தது.

அவர்கள் சொன்ன கதைகளில் நம் கரையும் வந்திருக்க வேண்டும். 1782-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரானும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரிலும், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரிலும், செப்டம்பரில் திரிகோணமலைக்கு எதிரிலும் மோதிக்கொண்ட போர்களில் அங்கம் இழந்த மாலுமிகள் ஊர் திரும்பினால் தஞ்சமடையக்கூடிய இடம் கிரீனிச்தான். நாகப்பட்டினத்துச் செம்படவர் கரையில் நின்று கேட்ட பீரங்கி முழக்கத்தை, தேம்ஸ் நதிக்கரையில் ஒரு கிழவர் வாயால் அதட்டிக் காட்டிக்கொண்டிருந்த காட்சியை நான் ஆதாரமில்லாமலே கற்பனை செய்துகொள்கிறேன், படிப்பவர் மன்னிப்பாராக. ஆதாரமுள்ள பெருமை ஒன்றும் அவர்களுக்கு வாய்த்தது. டிரபால்கரில் வீழ்ந்த நெல்சனின் சடலத்தை 1806 ஜனவரி 5-ஆம் தேதி முதல் மூன்று நாட்கள் அந்த ஓவியக் கூடத்தில்தான் மக்கள் தரிசனத்துக்கு வைத்தார்கள். நெருக்கியடித்து வந்த ஜனத்திரளின் நடுவே, இறந்தவனைப் போலவே கையிழந்த கிழவர்கள் அங்கே சொந்த வீட்டுக்காரர்களாக நின்றார்கள். அந்தப் போரில் நெல்சனின் கப்பலுக்குக் காப்டனாயிருந்த ஹார்டி, பிற்காலத்தில், 1834-இல், அந்த ஸ்தாபனத்துக்கே கவர்னராக வந்தார்.

எல்லாருக்கும் குன்றும் கண்ணாடியும் கிடைத்துவிடவில்லை. மிகுந்தவர்கள் குடித்தார்கள். குடித்துத் தகராறு செய்தவனுடைய நீலக் கோட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் கோட்டை மாட்டிவிடுவது அங்கே தண்டனை. அதோடு பெருக்கித் துடைக்கும் வேலையும் சேரும். வெளியார் வரும் நாட்களில் அந்த மஞ்சள் கோட்டோடு முற்றத்தில் நடமாடுவது எழுபது வயதுக்காரருக்கு எப்படியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. நிர்வாகத்தின் ஊழலைப்பற்றி 1778-இல் துணை கவர்னர் தாமஸ் பெய்லி புத்தகமே எழுதினார். மாலுமிகளுக்குரிய உத்தியோகங்களில் கடலையே காணாதவர்களைத் திணித்தார்கள், இறைச்சியிலும் பீரிலும் மோசம் செய்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பலனாக அவருக்கு உத்தியோகம் போயிற்று, வழக்கும் வந்தது. அவருக்காக வாதாடிய எர்ஸ்கின் என்னும் இளம் வக்கீலுக்கு ஒரே நாளில் பெரும் கீர்த்தி வந்தது. அந்த வழக்கைப்பற்றி எழுதியவர்கள் அநேகர். பீரில் தண்ணீர் கலந்தால் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். வெறுமையாய்க் கழிந்த பொழுதுக்கு யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

அந்தச் சாட்சியமும் ஒருநாள் பதிவாயிற்று. ஸ்தாபனத்தின் நிலைமையை விசாரிக்க அமைக்கப்பட்ட கமிஷன், 1860-இல், பென்ஷனர்கள் ஊக்கமின்றிச் சோம்பிக் கிடப்பதையும் அவர்கள் மனம் வெறுமையடைந்திருப்பதையும் வெளிப்படையாக எடுத்துரைத்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அதிகாரிகளுக்குத் திடீரென்று பொழுதின்மேல் கவலை பிறந்தது. ஓவியக் கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையே பூமிக்கடியில் ஓடும் நடைவழியை ஒட்டி, ஒன்பது கட்டைகளை நிறுத்திவைத்து மரப்பந்தை உருட்டி வீழ்த்தும் ஆட்டத்துக்கென்று நீண்ட ஓடுபாதை ஒன்றை அமைத்தார்கள். இன்றும் அது இருக்கிறது. கையிலெடுத்தால் கல்லைப்போலக் கனக்கும் இரும்பு மரத்தில் கடைந்த அந்தப் பந்துகள், பீரங்கிப் பயிற்சிக்கென்று செய்த குண்டுகள் என்று சொல்வார்கள். முதியோருக்கென்று மேலதிகாரிகள் திட்டமிட்டு ஏற்படுத்திய விளையாட்டிடம் அது.

ஆடியவர்கள் சந்தோஷமாகத்தான் ஆடியிருப்பார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1865-இல் புதிய சட்டம் ஒன்று வந்து, உள்ளேயிருப்பவர்கள் விரும்பினால் பணமாக உதவித்தொகை பெற்றுக்கொண்டு வெளியே போய் வாழலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அரண்மனையையும் ரொட்டியையும் இறைச்சியையும் விட்டு எவன் போவான் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர்கள் போனதற்குச் சோம்பலின் சலிப்பு மட்டும் காரணமன்று. மதிலுக்குள் மனைவிக்கு இடம் கிடையாது என்ற விதி அத்தனை காலமும் அமலில் இருந்தது. ஊருக்குள் வாடகை அறையில் கிழவி, மதிலுக்குள் கிழவர் என்று வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். மருமகள் முணுமுணுத்தாலும், பேரன் மரக்காலை எடுத்து ஒளித்துவைத்தாலும், உளுத்த கதவுக்கு ஆணி அடிக்கவும் கோழியை அடைக்கவும் வீட்டில் ஆள் தேவைப்பட்டது. 1869-இல் எஞ்சியிருந்தவர்களும் நீங்க, கிரீனிச் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. 1873-இல் அந்தக் கட்டடங்களில் கடற்படைக் கல்லூரி புகுந்தது. ஓவியக் கூடத்தில் பந்தி போட்டு உண்ணும் பாக்கியம் இருபதாம் நூற்றாண்டில் இளம் அதிகாரிகளுக்குத்தான் கிடைத்தது.

வெளியே போனவர்களில் ஆதரவற்றவர்களுக்கு விதித்திருந்தது வேறு. இங்கிலாந்தின் ஏழைகளுக்கான வேலை இல்லங்களில் அக்காலத்தில் முதியவர்களுக்கும் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று, தாரில் ஊறி இறுகிய பழைய கப்பற்கயிற்றுத் துண்டுகளை விரலால் பிரித்துப் பிரித்து நாராக்குவது. பலகைகளின் இடுக்கில் அந்த நாரைத் திணித்து, நம் கடற்கரைத் தச்சர்கள் கலப்பத்து என்று சொல்லும் வேலையைக் கப்பல் கட்டுபவர்கள் செய்வார்கள். நகம் கிழியும், விரல் நுனி புண்ணாகும். கப்பலுக்கு உதவும் வேலைதான் அதுவும். ஆனால் சிறைச்சாலையில் கைதிக்குக் கொடுக்கும் அதே வேலையை, அதே அளவு நிறுத்துக் கொடுத்தால், செய்பவன் அதை எப்படித் தன் வேலை என்று எண்ணுவான்? முடிச்சிட்டு முறுக்கி உயிரை அதில் தொங்கவிட்டுப் பாய்மரம் ஏறிய மாலுமி ஒருவன், தள்ளாத வயதில் அதே கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தால், அதைவிடக் கொடிய பரிகாசத்தை என்னால் நினைக்க முடியவில்லை.

இந்த இருளில் சிறு விளக்கு ஏற்றியவள் ஒரு சீமாட்டி. பின்னாளில் மீத் பிரபுவின் பத்தினியாக அறியப்பட்ட மேரி பிரபசான், 1882-இல், லண்டனில் கென்சிங்டன் வேலை இல்லத்தில் படுக்கையோடும் நாற்காலியோடும் கிடந்த பலவீனர்களுக்குப் பின்னல், பூவேலை, மரச்செதுக்கு முதலியவற்றைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தாள். மேலாளர்கள் தயங்கியபோது, முதல் ஆண்டுக்கான நூலும் துணியும் தன் செலவு என்றாள், செய்த பொருளை விற்று வரும் பணத்தில் அதற்குப் பின் அதுவே நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டாள், அப்படியே நடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட இல்லங்களுக்கு அது பரவிற்று. அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் பின்னலில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் கேட்காத காலுறையைப் பின்னுவதும் தம்போலா ஆடுவதும் ஒன்றே. பின்னிய காலுறையைக் காசு கொடுத்து வாங்கி ஒருவன் காலில் மாட்டிக்கொண்டு போகிறான் என்று அறிந்த கிழவிக்கு மறுநாள் விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. குன்றின்மேல் கண்ணாடி வைத்து நின்ற கிழவருக்கும் பாரிஸில் பொன் தீட்டிய சிப்பாய்க்கும் கிடைத்ததும் அதுதான்: மதிலுக்கு வெளியே தன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு மனிதன்.

பிற்காலத்துச் சரித்திரம் பெரியது; ஆனால் அதில் எனக்குச் சுவாரஸ்யம் குறைவு. 1960 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் சன் சிட்டி என்னும் ஊரை டெல் வெப் என்பவர் திறந்தபோது, வீடுகள் நிறைவதற்கு முன்பே கோல்ப் மைதானமும் நீச்சற்குளமும் தயாராயிருந்தன; கிழவர்கள் விளையாடப் பிறந்தவர்கள் என்ற புது மதம் அங்கே தோன்றியது என்று சொல்லிவிட்டு நகரலாம். 1991-இல் நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்னும் சிற்றூரில், சேஸ் மெமோரியல் என்ற பராமரிப்பு இல்லத்தின் வைத்தியராயிருந்த பில் தாமஸ் செய்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தனிமை, கையாலாகாமை, சலிப்பு ஆகிய மூன்றுமே தம் நோயாளிகளின் உண்மையான வியாதிகள் என்று முடிவுகட்டிய அவர், இரண்டு நாய், நான்கு பூனை, நூறு பறவை ஆகியவற்றை ஒரே மூச்சில் அங்கே கொண்டுவந்தார். பறவைகள் வந்த அன்று கூண்டுகள் வந்து சேராததால், அவற்றை அழகு நிலைய அறையில் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். வெளியே கண்ணாடி வழியே அந்த அமளியைப் பார்த்துக் கிழவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத நிகழ்ச்சி. எழுந்து நடக்கமாட்டார் என்று கைவிடப்பட்டிருந்தவர், நாயை வெளியே அழைத்துப்போக ஆள் வேண்டும் என்றவுடன், தாதியரின் மேசைக்குத் தாமே நடந்து வந்தாராம். கயிறு அங்கும் இருந்தது. இம்முறை அதன் மறுமுனையில் ஒரு ஜீவன் வாலாட்டி நின்றது.

கோயம்புத்தூரில் நான் தங்கிய மூன்றாம் நாள் மாலை தம்போலாவுக்கு நானும் ஒரு சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். என் பக்கத்தில், பஞ்சாலை ஒன்றில் நாற்பது ஆண்டு பிட்டராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். வந்த புதிதில் யார் அறையில் மின்விசிறி கரகரத்தாலும் டெஸ்டரும் கையுமாகப் போய் நிற்பாராம். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று நிர்வாகம் அதைத் தடுத்துவிட்டது. டெஸ்டர் மட்டும் பேனாவைப்போல இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. அந்த இளம்பெண் உற்சாகமாக எண்களைக் கூவிக்கொண்டிருந்தாள். பெரியவரின் சீட்டில் முதல் வரிசை நிறைவதற்கு ஒரே ஓர் எண்தான் பாக்கி; நான் அவரைவிட ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சீட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“தொட்டி ரொம்பிருச்சுங்க. மோட்டார் சத்தம் மாறிப்போச்சு. வாட்ச்மேன் தம்பி தூங்கிருப்பான்” என்று சொல்லிக்கொண்டே, முழங்காலில் ஒரு கையை ஊன்றியபடி, வராந்தாவைத் தாண்டிப் பின்கட்டுப் பக்கம் போனார். அவர் போன பின் கூவப்பட்ட மூன்றாவது எண் அவருடையது. பரிசை வேறொருவர் பெற்றார். கொஞ்ச நேரத்தில் பின்புறம் மோட்டார் நின்றது.